பெயர் மாற்றிய ஜார் கோப்புகளை ஹாஷ் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே, ஒரு பழைய ஜாவா சர்வர் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. லிப் ஃபோல்டர் முழுக்க ஜார் கோப்புகள் (ஜாவா நிரல்களை ஜிப் மாதிரி கட்டிவைக்கும் தொகுப்புகள்), யாரோ காமன்.ஜார், யூட்டில்2.ஜார் என்று பெயர் மாற்றி வைத்திருப்பதால் எது எந்தப் பதிப்பு என்றே தெரியவில்லை. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே (ஜாவா நிரல்கள் பதிவு எழுதப் பயன்படுத்தும் நூலகம்) பாதுகாப்பு ஓட்டை இதில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்பதுதான் என் பெரிய கவலை.

ஒவ்வொன்றுக்கும் ஷா1சம் கட்டளையை ஓட்டி, வந்த 40 எழுத்து ஹாஷை (கோப்பின் கைரேகை மாதிரி) மேவன் சென்ட்ரல் என்ற ஜாவா நூலகக் களஞ்சியத்தின் தேடலில் கொடுத்தால் பெரும்பாலானவை பெயர், பதிப்போடு உடனே சிக்கிவிடுகின்றன, உண்மையிலேயே அருமையான வசதி. சிக்காதவைதான் தலைவலி. ஜாரைப் பிரித்து மறுபடி கட்டினாலே உள்ளே நேர முத்திரை மாறி ஹாஷ் மொத்தமாக வேறாகிவிடுகிறது.

சரி, உள்ளே இருக்கும் கிளாஸ் கோப்புகளுக்குத் தனித்தனியாக ஹாஷ் எடுக்கலாம் என்று பார்க்கிறேன், முதலில் அந்த ஓட்டை இருக்கும் ஜேஎன்டிஐலுக்கப்.கிளாஸ். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியல் வேண்டுமே? அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் என்எஸ்ஆர்எல் ஹாஷ் தொகுப்பை (தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியல்) இதற்கு யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா, இல்லை லாக்4ஜே பதிப்புகளை எல்லாம் இறக்கி நானே பட்டியல் போடுவதுதான் வழியா? அப்புறம், ஷேடிங்கில் (வேறு நூலகத்தைத் தன் ஜாருக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது) பேக்கேஜ் பெயரையே மாற்றியிருந்தால் கிளாஸ் ஹாஷும் பொருந்தாது, அந்த மாதிரி ஜார்களை எப்படிப் பிடிக்கிறீர்கள்? கருவி, ஸ்கிரிப்ட் எது இருந்தாலும் சொல்லுங்கள்.