கணவனும் மனைவியுமாகக் கிராம ஊழியத்துக்குச் செல்வோர் அன்றாட வேலைகளை எவ்வாறு பங்கிட்டுக்கொள்ளலாம்?

கேட்டவர்: ஓய்வுபெற்ற ஆசிரியர், ரங்கூன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நானும் என் மனைவியும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பர்மாவில் பெகு வட்டாரத்தில் நெல்வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு தமிழ்க் கிராமத்தின் சிறிய சபைக்குப் போதகர் இல்லாததால், மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் இருவரும் அங்கே தங்கி ஊழியம் செய்ய வேண்டும் என்று எங்கள் சபையார் கேட்டிருக்கிறார்கள். மறுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ஞாயிறு ஆராதனை, வீட்டு ஜெபக்கூட்டம், நோயாளிகளைச் சந்தித்தல் என்று என் கடமைகள் விவரமாக எழுதப்பட்டிருக்க, என் மனைவியைப் பற்றி 'உடன் வருவார்' என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. அவருக்கு நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. மிஷன் வீட்டுக்கு வந்துபோகிற அனைவருக்கும் சமைத்துப் பரிமாறுவதிலேயே அவருடைய நாள் கழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இவ்வாறு தம்பதியாகச் சென்றவர்கள், உங்கள் நாள் எப்படி நடந்தது என்பதையும், எவற்றை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: மோல்மேன் அம்மா

ஐயா, முதலில் அந்தக் கடிதத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரும் அவர் செய்யப்போகும் வேலையும் அதில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் கிராமத்தார் அவரை மிஷன் வீட்டுச் சமையற்காரராகவே காண்பார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை, முன்பு வந்தவர்கள் பழக்கிவிட்ட வழக்கம் அது.

நாங்கள் மோல்மேன் நகருக்குத் தெற்கே ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய ஓர் ஊரில் ஊழியம் செய்தோம். பால் வெட்டப் போகிறவர்கள் இருட்டிலேயே புறப்பட்டுவிடுவதால் காலையில் வீடு வீடாகச் செல்வதில் பயனே இல்லை. ஆகையால் காலைப் பொழுதை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். என் கணவர் தண்ணீர் இறைத்து, வேதம் வாசித்துப் பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்வார். நான் மின்சாரம் இருக்கும் நேரத்தில் கைப்பேசியையும் டார்ச் விளக்கையும் சார்ஜ் செய்துவிட்டு, கரி அடுப்பில் ஒரே முறை சோறும் குழம்பும் ஆக்கி முடித்துவிடுவேன். காலை உணவுக்குக் கடையில் மோகிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் வாங்கிக்கொள்வது, அடுப்பு மூட்டுவதைவிட மலிவாகவே இருந்தது. இரவுக் கஞ்சி அவருடைய பொறுப்பு. போதகர் ஸ்தானத்தில் இருப்பவர் கஞ்சி காய்ச்சுவதைக் கண்டு சிலர் முதலில் கூச்சப்பட்டார்கள். பின்னர் அவர்கள் வீட்டு ஆண்களிலும் ஓரிருவர் அடுப்படிப் பக்கம் வந்தார்கள்.

நண்பகலுக்குப் பிறகு பெண்கள் வருவார்கள். என் ஊழியத்தின் உண்மையான நேரம் அதுதான். வட்டிக்கு வாங்கிய கடன், கணவனின் குடி, தாய்லாந்தில் வேலைக்குப் போன மகளிடமிருந்து பல மாதமாகச் செய்தி வராத துயரம் ஆகிய எதையும் அவர்கள் ஒரு போதகரிடம் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். வயதான ஒரு பெண் பாயில் உட்கார்ந்து, அவசரப்படாமல், தன் முழங்காலையும் நீவிக்கொண்டே கேட்பாளானால் சொல்வார்கள். அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தால் அந்தப் பேச்சு நடக்கவே நடக்காது. ஆகவே விருந்தினருக்குச் சாப்பாடு வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் சபைப் பெண்கள் முறை வைத்துச் சமைப்பது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். மற்ற நாட்களில் தேநீர் போதும். வாரத்தில் ஒரு நாளைக் கூட்டமே இல்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஓய்வெடுக்காவிட்டால் இரண்டாம் மழைக்காலத்தைத் தாண்ட முடியாது.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேருவது அறுவடைக் காலம். நெல்வயலில் கண்ணாடி விரியன் கடிப்பது மிகுதியாக இருக்கும் பருவம் அது. மாலை ஜெபக்கூட்டம் முடிந்து வரப்பில் நடந்து திரும்பும்போது டார்ச் விளக்கும் கணுக்கால் மூடிய காலணியும் இல்லாமல் போகவே கூடாது. யாரையாவது கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கேடு; கடித்த காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் இந்த விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அருகில் எந்த மருத்துவமனையில் அம்மருந்து இருக்கிறது என்பதைப் போன முதல் வாரமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால், மின்வெட்டை எண்ணி, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து அதில் மருந்தைக் காக்கலாம். உண்ணும் நேரம் தவறக் கூடாது. இதற்காகவும் மேலே மோல்மேன் அம்மா சொன்ன சமையல் ஒழுங்கை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

பதில்: சபை மூப்பர், பெகு

வெளியூரிலிருந்து வந்து இரவில் தங்குவோரைக் கிராம நிர்வாகியிடம் பதிவு செய்வது 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு மீண்டும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டையையும் சபையின் கடிதத்தையும் எடுத்துச்செல்லுங்கள். உங்களைப் பார்க்க வரும் உறவினர் ஓர் இரவு தங்கினாலும் அறிவிக்க வேண்டும்.

இன்னொன்று. 1965-ல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு வளர்ந்தவர்களில் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தை வாசிக்க அறியாதவர்கள். அதனால் எங்கள் சபையில் கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறோம். வேத வாசிப்பைத் தமிழில் ஒரு முறையும், அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-ல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமத்திலிருந்து ஒரு முறையும் வாசிக்கிறோம். 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளில் பெரும்பாலோர் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தபோது, கிராமச் சபைகளைக் கலையாமல் காத்தவர்கள் உங்களைப் போன்ற உள்ளூர் விசுவாசிகளே. அவர்களில் பெண்களின் பெயர்கள் பதிவேடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கடிதத்தைத் திருத்தும்படி நீங்கள் கேட்பது நியாயம், தயங்க வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பெண்கள் கூடுகையோடு, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் வகுப்பையும் தம் பெயரில் எழுதித் தர வேண்டும் என்கிறார். சபைச் செயலாளரிடம் அவ்வாறே கேட்டிருக்கிறேன். மூப்பர் ஐயா, பர்மிய எழுத்தில் உள்ள கீர்த்தனைகளின் பிரதி ஒன்றை நாங்கள் எடுத்துச்செல்ல முடியுமா? அறுவடைக்கு முன் பெகுவுக்கு நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.