டொயோட்டா 86: கீழே இறக்கியும் வளைவில் சாய்வு குறையவில்லை, ஏன்?

கேள்வி
வணக்கம். முதல் தலைமுறை 86 வச்சிருக்கேன். மலேசியாவுல செப்பாங் பந்தயத் தளத்துல சொந்த வண்டியை ஓட்டுற டிராக் டேக்காக, வண்டியை 40 மி.மீ. இறக்குற ஸ்பிரிங் போட்டு, முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் (இடது, வலது சக்கரங்களை இணைச்சு சாய்வைக் குறைக்குற கம்பி) 18-ல இருந்து 20 மி.மீ. தடிமன் ஆக்கினேன். ஷாக் அப்சார்பர் வண்டியோட வந்ததுதான். 5, 6-வது வளைவுல இடது, வலதுன்னு வேகமா திருப்பும்போது முதல்ல நல்லா சாயுது, அப்புறம் டக்குனு நின்னு மூக்கு வெளியே ஓடுது. முன் டயர்ல வெளி ஓரம் மட்டும் தேயுது. இன்னும் தடிச்ச பார் போடலாமா?

பதில் 1
வேண்டாம் தம்பி. டக்குனு நிக்குதுன்னா பம்ப் ஸ்டாப்ல, அதாவது ஷாக் முழுசா அமுங்காம தடுக்குற ரப்பர்ல இடிக்குது. முன் ஷாக் ராடுல ஒரு கேபிள் டை கட்டி ஓட்டிப் பாருங்க, எதுவரை ஏறுதுன்னு தெரியும்.

பதில் 2
அண்ணன் சொன்னது சரி. இன்னொண்ணும் இருக்கு. 86-க்கு முன்னால மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேல பிடிச்சிருக்கும், கீழ லோயர் ஆர்ம்னு ஒரு கை பிடிச்சிருக்கும். ரொம்ப இறக்கினா லோயர் ஆர்மோட சக்கரப் பக்கம் மேல தூக்கிக்கும். எடை மையம் இறங்குறதைவிட ரோல் சென்டர் (பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அது) அதிகமா இறங்கிடும். ரெண்டுக்கும் இடையில இருக்குற தூரம்தான் பாடியைச் சாய்க்குற நெம்புகோல், அது நீண்டுபோச்சு. புது ஸ்பிரிங் கொடுத்த விறைப்புல ஒரு பங்கை இதுவே தின்னுடும். சாயும்போது கேம்பரும் (டயர் மேல்பக்கம் உள்ளே சாயுற கோணம்) கிடைக்காது, அதான் வெளி ஓரம் தேயுது.

பார் விஷயம்: விட்டம் 18-ல இருந்து 20 ஆனாலே விறைப்பு 50% கூடும். சாய்வு குறைஞ்சா வெளிச் சக்கரத்துக்குப் போற எடையும் குறையும்னு நினைக்காதீங்க. 1,250 கிலோ வண்டி, எடை மையம் 46 செ.மீ. உயரம், சக்கர இடைவெளி 153 செ.மீ.ன்னா, 1 ஜி வளைவுல (பக்கவாட்டு விசை வண்டி எடைக்குச் சமமா இருக்கும்போது) சுமார் 375 கிலோ வெளிப்பக்கம் போயே தீரும். அதை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கிறதுதான் பாரோட வேலை. நீங்க முன்னுக்கு அதிகம் கொடுத்துட்டீங்க, அதான் அண்டர்ஸ்டியர், அதாவது மூக்கு வெளியே ஓடுறது.

கேட்டவர்
கேபிள் டை ரப்பர் வரைக்கும் ஏறியிருக்குண்ணா. இப்போ எதுல ஆரம்பிக்கிறது?

பதில் 1
காசு செலவில்லாததுல ஆரம்பிங்க: பழைய 18 பாரையே திரும்ப மாட்டுங்க. அடுத்து 20 மி.மீ. மட்டும் இறக்குற ஸ்பிரிங், அதோட விறைப்புக்கு ஏத்த ஷாக். முன்னால கேம்பர் போல்ட் போட்டு அலைன்மென்ட். 40-தான் வேணும்னா ரோல் சென்டரைச் சரிபண்ற நீள பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் சேர்க்குற மூட்டு) வாங்கணும். அழகுக்கு நான் அவ்வளவு செலவு பண்ண மாட்டேன். செப்பாங்ல மத்தியானம் மழை பிடிச்சா கொஞ்சம் சாயுற வண்டிதான் சொன்ன பேச்சு கேக்கும்.