விளம்பரக் 'கன்வெர்ஷன் டிராக்கிங்'குக்குத் தமிழ்ச் சொல்: திங்கள் காலைக்குள் வேண்டும்

ஈரோட்டிலிருந்து, பயிற்சியாளர்:

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் இணையத்தில் விற்கும் 18 பெண்களுக்குப் பயிற்சி நடத்துகிறேன். கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். ஐந்தாம் பாடம் ஒரு சொல்லுக்காக நிற்கிறது.

நடப்பது இதுதான். ஒருவர் கூகுளில் நம் விளம்பரத்தைத் தட்டிக் கடைக்குள் வருகிறார். அந்தத் தட்டலுக்கென்று ஓர் அடையாளக் குறியீடு, பக்க முகவரியின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அவர் பணம் கட்டியதும் 'நன்றி' பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் நாம் வைத்திருக்கும் நிரல் துண்டு, அந்தத் தட்டலில் வந்தவர் 1,450 ரூபாய்க்கு வாங்கினார் என்று கூகுளுக்குச் சொல்லும். வாங்கினாரே, அதுதான் கன்வெர்ஷன். அதைக் கணக்கில் பிடிப்பது டிராக்கிங்.

'மாற்றக் கண்காணிப்பு' என்று பலகையில் எழுதினேன். "சைஸ் சரியில்லேன்னா மாத்திக் குடுக்கிறதா சார்?" என்று முன்வரிசை அக்கா கேட்டார். அவர் கேட்டது நியாயம். வேறு சொல் தாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து, தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, 'மாற்றம்' இங்கே பொருந்தவே பொருந்தாது. எது எதுவாக மாறியது? பார்த்தவர் வாங்கியவர் ஆனார் என்பீர்கள். ஆள் அதே ஆள்தான், அவர் செய்த வினைதான் நிறைவேறியிருக்கிறது.

விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வந்து, பார்த்து, கூடையில் போட்டு' வரை எல்லாம் வினையெச்சம். 'வாங்கினார்' என்று வந்தால்தான் முற்று. ஆகவே கன்வெர்ஷன் என்பது முற்று. கூடையில் போட்டுவிட்டுப் போனவர்கள் எச்சம். ஒரு சொல் கேட்டீர்கள், இரண்டு கிடைத்திருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்.

சென்னையிலிருந்து, விளம்பரத் துறை:

ஐயா, எச்சம் முற்று விளக்கம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கா நாளைக்குக் கூகுள் ஆட்ஸை (கூகுளில் விளம்பரம் கொடுக்கும் தளம்) திறந்தால் திரையில் என்ன இருக்கும்? உதவிக்கு யாரையாவது கூப்பிட்டால் அவர் என்ன சொல்லுவார்? கன்வெர்ஷன் என்றுதான். நாம் 'முற்று' என்று சொல்லிக்கொடுத்தால் அவர் இரண்டு மொழிக்கு நடுவில் தனியாக நிற்பார். கன்வெர்ஷன் என்றே எழுதி, கீழே ஒரு வரி விளக்கம் போடுங்கள்.

இன்னொன்று. வாங்குவது மட்டும் கன்வெர்ஷன் இல்லை. படிவம் நிரப்புவது, கடைக்கு போன் செய்வது எல்லாமே கன்வெர்ஷன்தான். விற்பனையை மட்டும் குறிக்கிற சொல் எதுவும் வேண்டாம்.

மதுரையிலிருந்து:

பேருந்து என்ற சொல் வந்தபோதும் இதே பேச்சுதான். இன்று டிக்கெட்டிலும் பலகையிலும் அதுதான் இருக்கிறது. திரையில் இருப்பதையெல்லாம் அப்படியே எழுதினால் கலைச்சொல் குழுமம் எதற்கு?

விற்றலுக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு. புறநானூற்றில் 'மீன் நொடுத்து நெல் குவைஇ' என்று வருகிறது, முசிறித் துறையைப் பாடும் இடம். நொடுத்தல் விற்றல், நொடை விலை. நொடை என்று வைப்போம்.

நிரல் துண்டுக்கும் சொல் இருக்கிறது. பட்டினப்பாலையில் புகார்ச் சுங்கத்தார் பண்டத்தின்மேல் புலி பொறித்து வெளியே அனுப்புகிறார்கள். முத்திரை குத்திய பிறகே சரக்கு நகரும். நன்றிப் பக்கத்துத் துண்டு செய்வதும் இதே வேலை. அதற்குப் பொறி என்று பெயர் வைக்கலாம்.

கோவையிலிருந்து, கணினித்துறைப் பேராசிரியை:

ஐயா, 'பொறி' பற்றிப் பிறகு பேசுவோம், எனக்கும் பிடித்திருக்கிறது. 'நொடை' மட்டும் வேண்டாம். 'கடை நொடிச்சுப் போச்சு' என்றால் திவால் என்று பொருள். புதிதாகக் கடை வைத்த பெண்களிடம் உங்கள் நொடை எவ்வளவு என்று எப்படிக் கேட்பது? 'முற்று'க்கும் சிக்கல் உண்டு. நோய் முற்றும், சண்டை முற்றும், கத்தரிக்காயும் முற்றும்.

எந்தச் சொல்லானாலும் அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்கவேண்டும். வீதம், மதிப்பு, காலவரம்பு எல்லாவற்றோடும் அது சேரவேண்டும், எதிர்மறையும் வரவேண்டும். கைகூடல் என்று வைத்துப் பாருங்கள்: கைகூடல் வீதம், கைகூடல் மதிப்பு, கைகூடிய தட்டல், கைகூடாத தட்டல். தட்டிய 30 நாளுக்குள் வாங்கினால் கணக்கில் சேரும், 90 நாள் வரை நீட்டலாம் என்கிறோமே, அது கைகூடல் கெடு. விற்பனை, படிவம், போன் மூன்றுக்கும் பொருந்தும்.

டிராக்கிங்குக்குக் 'கண்காணிப்பு' வேண்டாம். கேட்டாலே போலீஸ் நினைவு வருகிறது. தடமறிதல் போதும்.

ஈரோட்டிலிருந்து, பயிற்சியாளர்:

நன்றி அம்மா. இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்லவேண்டும், சொல்லுக்கும் அது உதவும்.

முன்வரிசை அக்கா தன் கடை விளம்பரத்தைத் தானே தட்டி ஒரு போர்வை வாங்கிச் சோதித்தார். யூபிஐயில் பணம் கட்ட வேறு செயலிக்குப் போனார். பச்சை டிக் வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார். கடைப் பக்கத்துக்குத் திரும்பவே இல்லை. ஆர்டர் வந்தது, பணமும் வந்தது. நன்றிப் பக்கம் திறக்காததால் கூகுளில் சுழி. அடுத்தவர் ஒழுங்காகத் திரும்பி வந்து, பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்த்தார். அவருடைய ஒரே ஆர்டர் இரண்டாக விழுந்தது. ஆர்டர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் இரண்டாவதைக் கூகுள் தள்ளிவிடும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

மாலையில் எல்லாம் சரியாகி எண் 1 என்று வந்ததும் அந்த அக்கா சத்தமாகச் சொன்னார்: "விளம்பரம் பலிச்சிடுச்சு!" யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சொல். பலிப்பு என்று வைத்தால் என்ன?

கும்பகோணத்திலிருந்து:

பலித்தல் வடமொழிப் பலத்திலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் 'பல'மே நம் 'பழ'த்திலிருந்து போனது என்ற கருத்தும் உண்டு. பழுத்தல், பழம், பயன் என்று வேரைப் பிடித்துப் போனால்... (இதை நீண்ட மடலாகத் தனியே எழுதுகிறேன்.) ஆகவே தூய்மை பற்றி எனக்குத் தடை இல்லை. ஆனால் 'பலி வீதம்' என்று யாராவது சுருக்கினால் விபத்துச் செய்தி ஆகிவிடும். நெருக்கி முடிவு கேட்டால் கைகூடலுக்கு என் வாக்கு. 'முற்று' கிடைக்காதது வருத்தம்தான்.

சென்னையிலிருந்து:

கைகூடல் என்றே தலைப்பில் போடுங்கள். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'கூகுள் திரையில் கன்வெர்ஷன் என்று இருக்கும்' என்று ஒரு வரி சேருங்கள். எனக்கு அது போதும்.

மதுரையிலிருந்து:

கூடல் எங்கள் ஊர்ப் பெயர், அதனால் எதிர்க்க மனம் வரவில்லை. இருந்தாலும் ஒன்று. காரியம் கைகூடுவது வேறு, அது கணக்கில் ஏறுவது வேறு. அந்த அம்மா வாங்கினார், கைகூடியது, ஆனால் எண்ணில் வரவில்லை. நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் ஏறியதற்குத் தனிச் சொல் இல்லாவிட்டால் பாடம் குழம்பும். என் மறுப்பு பதிவாகட்டும்.

ஈரோட்டிலிருந்து, பயிற்சியாளர்:

ஐயா சொல்வது சரி. அதற்குச் சொல் தேட நேரம் இல்லை. 'கைகூடியது', 'பதிவானது' என்று இரண்டையும் பிரித்து ஒரு பத்தி எழுதிவிட்டேன், யூபிஐ கதையோடு. தலைப்பு 'கைகூடல் தடமறிதல்'. நிரல் துண்டுக்குப் 'பொறி' என்றே போட்டிருக்கிறேன். கோப்பு இப்போது அச்சகத்துக்குப் போகிறது.

ஆறாம் பாடம் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்டுவது. 'எச்ச'த்தை அங்கே வைத்துக்கொள்ளலாமா ஐயா?