மறு: பழைய மின்மாற்றியில் இருக்கும் பி.சி.பி.க்குத் தமிழ்ச்சொல்

> பேசாமல் "நச்செண்ணெய்" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும் ஐயா. பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மர்களில் இருப்பது சாதாரணக் கனிம எண்ணெய். அதில் பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் என்ற நச்சு வேதிப்பொருள்) கலந்திருக்கிறதா, கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. பார்த்தோ மோந்தோ சொல்ல முடியாது, சோதித்தால்தான் தெரியும். அப்புறம், பழைய டியூப்லைட் சோக்கோடு வரும் கெப்பாசிட்டரிலும் இது உண்டு, பெயின்டிலும் உண்டு.

பி.சி.பி. என்றே விடவும் மனம் வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ்காரர் சர்க்யூட் போர்டு என்று நினைப்பார். ஆலை முதலாளி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஆள் வந்துவிட்டதென்று பதறுவார், அவற்றின் ஆங்கிலச் சுருக்கமும் பி.சி.பி.தானே!

இங்கே முன்பு ஒருவர் சொன்ன "பல்குளோரோ இருபீனைல்" கிட்டத்தட்ட சரி, அந்த "இரு"தான் இடிக்கிறது. இதில் இரண்டு பென்சீன் வளையங்களும் (ஆறு கார்பன் அணுக்களால் ஆனவை, பெயரில் வரும் "பீனைல்" இவைதான்) நடுவில் எதுவும் இல்லாமல் நேராக இணைந்திருக்கின்றன. பழைய டிவி, கம்ப்யூட்டர் கூடுகளில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களில் ஒரு வகை இதே அமைப்பு. இன்னொரு வகையில் வளையங்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் நிற்கும், அதுதான் டைஃபினைல் ஈதர். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்கருவிகளில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துகிறது. நாம் இரண்டுக்கும் "இரு" போட்டால் அந்த விதியைத் தமிழில் எழுதவே முடியாது. நேராக இணைந்ததை "இணைபீனைல்" என்போம், ஈதர் "இருபீனைல் ஈதர்" ஆகவே இருக்கட்டும்.

ஆகவே என் பரிந்துரை: பல்குளோரோ இணைபீனைல்.

பழைய மின்மாற்றிகளை உடைக்கும் காயலான்கடைக்காரருக்கு இந்தப் பெயர் எதற்கு என்று கேட்டால், நியாயம். மின்மாற்றியில் ஒட்டும் சீட்டில் பெயர் சின்னதாகவும் "உடைக்காதீர், எரிக்காதீர்" பெரிதாகவும் இருக்கட்டும். 1968இல் ஜப்பானில் தவிட்டெண்ணெய் ஆலையின் சூடேற்றும் குழாயிலிருந்து இது சமையல் எண்ணெயில் கசிந்து, சாப்பிட்டவர்களுக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியாக வந்தது, யூஷோ என்பார்கள். அதில் பெரும் கேடு செய்தது சூட்டில் இதிலிருந்து உண்டான ஃபியூரான்கள் என்ற நச்சுச் சேர்மங்கள்.

-----

இணைபீனைலுக்கு என் ஓட்டும் உண்டு. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது அண்ணே. குளோரின் எத்தனை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து இதில் 209 வகை இருக்கிறதே, அந்த "கன்ஜெனரு"க்கு என்ன சொல்வது? மாற்றியம் (ஐசோமர்) ஆகாது, அதற்கு ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். "பங்காளி" என்பதுதான் எனக்குப் பட்ட கச்சிதமான சொல், பாடநூலில் விடமாட்டார்கள். "ஒத்தினம்" எப்படி?