இன்டர்வியூ எடுத்ததும் மெஷின், ஒதுக்கினதும் மெஷின். உங்களுக்கு நடந்திருக்கா?

பல்லாவரம்_அக்கா

ஆள் இல்லாத வீடியோ இன்டர்வியூ இங்க எல்லாருக்கும் தெரியும்: கேள்வி திரையில வரும், நாம கேமராவைப் பார்த்துப் பேசணும், மார்க் போடறது மெஷின். நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டாவது குழந்தைக்கு அப்புறம் திரும்ப வேலை தேடறேன். முன்னாடி டெஸ்டிங்ல டீம் லீட். கன்சல்டன்சி அனுப்பின லிங்க்ல முதல்ல பிராக்டிஸ் ரவுண்டு, முடிஞ்ச உடனே ரிப்போர்ட். எனக்கு வந்தது: கருத்து நன்று, தன்னம்பிக்கை குறைவு, தலைமைத் தொனி குறைவு.

சரின்னு விட்டிருப்பேன். சோஃபால படுத்திருந்த தம்பி, "குடு, நான் பேசறேன்"னு என் லாகின்லயே, நான் எழுதி வெச்சிருந்த அதே பதிலை, அதே நாற்காலில உட்கார்ந்து படிச்சான். கல்யாணப் பத்திரிகையையே திக்கித் திக்கிப் படிக்கிறவன் அவன். ரிக்ரெஷன்ங்கற டெஸ்டிங் வார்த்தைன்னா என்னன்னு தெரியாம அந்த இடத்துல தடுக்கி, "எக்ஸ்கியூஸ் மீ"ன்னு வேற சொன்னான். ரிப்போர்ட்: தலைமைத் தொனி மிக நன்று. விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

அசல் ரவுண்டுல என்னை எடுக்கல. காரணம் கேட்டு மெயில் போட்டா, இந்த முகவரியை யாரும் பார்ப்பதில்லைன்னு பதில். யார்கிட்ட போய்க் கேக்கறது?

ஆஃபர்லெட்டர்

எச்.ஆர்.ல இருக்கேன், அதனால சொல்றேன். தம்பியை உட்கார வெச்சுப் பார்த்ததெல்லாம் நிரூபணம் ஆகாது மேடம். மைக், ரூம் எதிரொலி, ஃபேன் சத்தம், எது வேணா ஸ்கோரை மாத்தும். மெஷினுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. எங்க ஆபீஸ்லயும் ரெஸ்யூமேவை வரிசைப்படுத்தற டூல் இருக்கு. போன தடவை ஒரு போஸ்டுக்கு ரெஸ்யூமே குவிஞ்சுது, மேல வந்த முதல் பக்கத்துல ஒரு பெண் பேர் கூட இல்ல. எனக்கே ஒரு மாதிரி இருந்துது. உள்ள பார்த்தா, நடுவுல இடைவெளி இருக்கிற ரெஸ்யூமேவை அது கீழ தள்ளுது, அவ்வளவுதான். இது பாகுபாடு இல்ல, செட்டிங்.

சில டிப்ஸ். கேப் இருந்தா மறைக்காதீங்க, அந்த நேரத்துல ஆன்லைன் கோர்ஸ் பண்ணதா போடுங்க. வேலை விளம்பரத்துல இருக்கிற அதே சொற்களை ரெஸ்யூமேல வையுங்க. ரெண்டு காலம் போட்ட டிசைன் வேண்டாம், மெஷின் குழம்பும். போட்டோ வேண்டாம். பி.டி.எஃப்.ஐ விட வேர்ட் ஃபைல் நல்லது. கேமராவைக் கண் மட்டத்துல வையுங்க. குரலைக் கொஞ்சம் இறக்கி, நிறுத்திப் பேசுங்க. வாக்கியத்தை ஏத்தி முடிக்காதீங்க. பின்னாடி வெள்ளைச் சுவர். பதிலை எண்ணோட ஆரம்பிங்க.

தறிநாடா

குரலை இறக்கிப் பேசணுமாம்! பாகுபாடு இல்லன்னு மேல எழுதிட்டு, கீழ வந்து ஆம்பள மாதிரி பேசுன்னு டிப்ஸ் குடுக்கறீங்க சார். நல்லா இருக்கு.

அப்புறம் அந்த இடைவெளி. நம்ம ஊர்ல அது யாருக்கு விழும்? என் மாமனார் பக்கவாதத்துல விழுந்தப்ப, மூணு பையன்கள்ல ஒருத்தரும் வேலையை விடல. விட்டது நான். திருப்பூர்ல மெர்ச்சண்டைசரா இருந்தேன். பிறகு அப்ளை பண்ணப்ப அதே கம்பெனியில தோழி இருந்தா. மேனேஜர்கிட்ட நேரா கேட்டிருக்கா, அவர் லிஸ்டைத் திறந்து காட்டினாராம். என் பேரே அவருக்கு வந்து சேரல. "இவங்கள எனக்கு நல்லாத் தெரியுமே, அப்ளை பண்ணலன்னு நெனச்சேன்"னு சொன்னாராம். அந்த வாக்கியம்தான் இன்னும் குடையுது. என்னை வேண்டாம்னு ஒரு மனுஷன் கூடச் சொல்லல.

அமேசான் கதை உங்க எச்.ஆர். குரூப்ல வரலையா? 2018ல ராய்ட்டர்ஸ் வெளியிட்டுது. பழைய ரெஸ்யூமேக்களைப் படிச்சுப் பழகின மெஷின், பெண்கள் செஸ் கிளப் தலைவர்னு போட்டிருந்தா மார்க் குறைச்சுது. ரெண்டு மகளிர் கல்லூரிப் பேரைப் பார்த்தாலும் குறைச்சுது. ஆணா பெண்ணான்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. கடைசில ப்ராஜெக்டையே மூடினாங்க.

சத்துமாவு

நான் அங்கன்வாடி பணியாளர். எங்களுக்கு இன்டர்வியூ எல்லாம் இல்லை, முகம்தான். 2025 ஜூலையிலிருந்து பயனாளி முகத்தை போனில் பார்த்து, ஆதார் படத்தோடு ஒத்துப்போனால்தான் மாவு பாக்கெட் கொடுத்ததாகக் கணக்கு. பிரசவம் முடிந்து வந்த பெண். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூட ரெட்டை ஜடை முகம். இப்போது கன்னம் வீங்கி, முடி கொட்டி, ராத்திரி தூங்காத கண். போன் ஏற்கவில்லை. வெளிச்சத்துக்கு வா என்றேன், வாசலுக்கு வந்தாள். கண்ணை மூடித் திற என்றது, மூடித் திறந்தாள். குழந்தை வீறிட்டு அழுகிறது. கடைசியில் அவள் போனைப் பார்த்தே, "நான்தான்டா அது" என்று கத்தினாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கணக்கு இடித்தது, மேலே பதில் சொன்னது நான்.

ஆஃபர்லெட்டர்

இது கஷ்டம்தான். ஆனா இது ஜெண்டர் பயஸ் இல்ல, டெக்னிக்கல் இஷ்யூ. தலைப்பை விட்டு வெளிய போகுது.

சத்துமாவு

வரிசையில் நிற்பது கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும். போனைப் பிடிப்பது நான். திட்டு வாங்குவதும் நான். இதில் ஆண் எங்கே இருக்கிறார் சார்?

ரைன்கரை

நான் ஜெர்மனியில இருக்கிறன். ஒன்லைன் கடையில ஒரு உடுப்புத் தோய்க்கிற மெசின், பிறகு காசு கட்டுற முறையில எடுக்கப் பார்த்தனான். அமத்தின உடனேயே மாட்டம் எண்டு வந்துட்டுது. இவர் தன்ர பேரில அமத்தினார், ஓம் எண்டுட்டுது. வீட்டு வாடகை, கரண்ட் எல்லாம் என்ர கணக்கிலதான் போறது, ஒருநாளும் பிந்தினதில்லை. என்ன, நான் பகுதி நேர வேலை. பிள்ளையளைப் பார்க்கிறதால.

பிடிச்ச பிடியில கடிதம் எழுதினன். இஞ்ச ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஜி.டி.பி.ஆர்., அதில 22ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு. எங்களைப் பெரிசாப் பாதிக்கிற முடிவைத் தனிய மெசினிட்ட விடக்கூடாது எண்டுறது அது. 2023 டிசம்பரில, ஆக்களுக்குக் கடன் புள்ளி போடுற ஷுஃபா எண்ட ஜெர்மன் கம்பெனியின்ர வழக்கில ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒருபடி போச்சுது: கடன் புள்ளியை நம்பித்தான் கடை முடிவெடுக்குது எண்டால், புள்ளி போடுறதே முடிவுதான் எண்டு. கடைக்காரர் ஆளை வச்சுப் பார்த்து, ரெண்டு கிழமையால ஓம் எண்டவை. ஏன் முதல் மாட்டம் எண்டதெண்டு இண்டுவரைக்கும் சொல்லேல்லை. அதுக்குள்ள இவர் மெசினை எடுத்துப் பூட்டியும் போட்டார்.

ஆறாம்வகுப்பு_சார்

சின்ன விஷயம். உள்ளாட்சிப் பாடத்துக்கு ஊராட்சி மன்றத் தலைவர் படம் ஒன்று ஏ.ஐ.யிடம் கேட்டேன். மறுபடி மறுபடி கேட்டும் வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை. அதையே போர்டில் போட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், எங்க ஊர் பிரசிடென்ட் எங்க பெரியம்மா. அவங்களுக்கு மீசை இல்ல." தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று அதே பாடத்தில்தான் இருக்கிறது.

பென்சன்_மாமா

பெரியம்மா பிரசிடென்ட், சரி. கையெழுத்து போடுவது பெரியப்பாவா என்று கேட்டீர்களா? மெஷின் உள்ளதைத்தான் சொல்கிறது.

தறிநாடா

மாமா, நீங்க வேற.

கருப்புக்கோட்டு

வக்கீலாக இருக்கிறேன். அக்காவுக்குப் பதில் சொல்வதற்கு முன் என்னுடைய ஒன்று. ஒரு கட்சிக்காரர் ஆட்சேர்ப்பு மென்பொருள் வாங்க ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொன்னார். விற்க வந்தவரிடம், பெண்கள் எத்தனை சதவீதம் தேறுகிறார்கள், ஆண்கள் எத்தனை என்றேன். "நாங்கள் பாலினமே கேட்பதில்லை மேடம், அதனால் பாகுபாட்டுக்கே இடமில்லை" என்றார், பெருமையாக. கேட்காவிட்டால் எப்படித் தெரியும் என்றதும் அவர் முகத்தில் ஒரு வெறுமை. நடிப்பில்லை, அந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை.

நியூயார்க் நகரம் இதைத்தான் பிடித்தது. அங்கே 144ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் 2023 ஜூலையிலிருந்து அமலாகிறது. ஆட்சேர்ப்புக் கருவியை வெளியாள் ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். பாலினம், இனம் என்று ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் தேறுகிறார்கள், அதிகம் தேறும் பிரிவோடு ஒப்பிட்டால் விகிதம் என்ன என்று கணக்கிட்டு இணையத்தில் போட வேண்டும். அபராதம் 500 டாலரில் தொடங்குகிறது, பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு. ஐரோப்பாவின் ஏ.ஐ. சட்டம் இன்னும் கடுமை. ஆட்சேர்ப்பையும் கடன் தகுதியையும் உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. முகம், குரலை வைத்து ஊழியரின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவிக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தடையே போட்டுவிட்டது.

நம்மிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவப் பெண் அதிகாரிகள் நிரந்தரப் பணி கேட்டுப் போட்ட லெப்டினன்ட் கர்னல் நிதிஷா வழக்கில், 2021ல், எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று ராணுவம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பார்க்கப் பொதுவான விதிதான், அடி விழுவது பெண்கள் மேல், அதுவும் பாகுபாடுதான் என்றது. தறிநாடா சொன்ன இடைவெளிக்கு அப்படியே பொருந்தும். சிக்கல் என்னவென்றால், அது அரசுக்கு எதிரான அரசியலமைப்பு உரிமை, தனியார் கம்பெனியை அதை வைத்து நேராகப் பிடிக்க முடியாது. ஊதியச் சட்டத்தொகுப்பு 2019, 3ஆம் பிரிவு, ஆள் எடுப்பதிலும் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் நிரூபிக்க எண்கள் வேண்டும், எண்கள் கம்பெனியிடம் இருக்கின்றன. கொடு என்று விண்ணப்பதாரர் கட்டாயப்படுத்த எளிய வழி இல்லை. 2023 தனிநபர் தரவுச் சட்டத்திலும், மெஷின் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமையை வைக்கவில்லை. என்னைக் கேட்டால், தடை போடுவதற்கு முன்னால் அந்த எண்களை வெளியே கொண்டுவரும் சட்டம் வர வேண்டும்.

அக்கா, அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் அழிக்காதீர்கள். அமெரிக்காவில் ஐடியூட்டர்குரூப் என்ற ஆன்லைன் ஆங்கில டியூஷன் கம்பெனி மாட்டியது ஏறக்குறைய இப்படித்தான். ஒரு விண்ணப்பதாரர் எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பிறந்த தேதியை மட்டும் மாற்றிப் போட்டார், இன்டர்வியூ வந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் 60க்கு மேற்பட்ட ஆண்களையும் மென்பொருள் தானாகவே கழித்துவிட்டது என்பது அங்குள்ள சமவாய்ப்பு ஆணையத்தின் வழக்கு. 2023ல் 3,65,000 டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள். பாருங்கள், அதிலும் பெண்ணுக்கு ஐந்து வருடம் முன்னாலேயே வயதாகிவிடுகிறது.

பல்லாவரம்_அக்கா

ரெண்டும் இருக்கு. மெயில் போன பழைய அக்கவுண்டு பாஸ்வேர்டு தம்பிக்குத்தான் ஞாபகம் இருக்கு, அதுக்கு ஒரு பிரியாணி கேக்கறான்.

ஆஃபர்லெட்டர்

இன்னைக்கு ஆபீஸ்ல கேட்டேன். இடைவெளி வடிகட்டியில ஆண் எத்தனை, பெண் எத்தனை விழறாங்கன்னு ரிப்போர்ட் எடுக்க முடியுமான்னு. முடியுமாம். அந்த வசதி அடுத்த பிளான்ல இருக்காம், அதுக்குத் தனியா பணம் கட்டணும். மேனேஜர், பட்ஜெட் வரட்டும் பார்க்கலாம்னார். செட்டிங்கை மட்டும் நானே எடுத்துவிட முடியுமான்னு தேடிட்டு இருக்கேன்.