சொரியாசிஸுக்கு பயோலாஜிக் ஊசி: உண்மையில் எத்தனை நாளைக்குக் கேட்கிறது?

ஈசூன்_மெக்கானிக்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 46. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பேருந்துப் பணிமனையில் ஷிப்டு வேலை. பதினெட்டு வருடமாக சொரியாசிஸ், தோலில் செதில் செதிலாகப் படை கிளம்பும் நோய். முழங்கை, முழங்கால், முதுகு, தலை. கறுப்புச் சட்டை வாங்குவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. தேக்காவில் ஒரே ஒரு முடிதிருத்துபவர்தான் முகம் சுளிக்காமல் எனக்கு வெட்டுவார். அவர் லீவில் ஊருக்குப் போனால் நான் இரண்டு மாதம் சாமியார்.

களிம்பு, தார் ஷாம்பு, ஒளி சிகிச்சை எல்லாம் பார்த்தாயிற்று. அத்தை ஊரிலிருந்து அனுப்பிய வெட்பாலைத் தைலமும் தடவினேன். ஊதா நிறத்தில் நாலு தலையணை உறை போனதுதான் மிச்சம். மெத்தோட்ரெக்சேட் மருந்து மூன்று வருடம் நன்றாகக் கேட்டது. இப்போது ஈரல் சோதனையில் எண்கள் ஏறிவிட்டன, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுத்தது பயோலாஜிக் ஊசி, அதாவது நோயைத் தூண்டும் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்து என்கிறார் டாக்டர்.

அந்த வகையில் ஒன்றான ரிசான்கிசுமாப்பை வைத்து 2018இல் வந்த சோதனையை அவர் காட்டினார். 16 வாரத்தில் 100க்கு 75 பேருக்குத் தோல் 90 சதவீதமோ அதற்கு மேலோ தெளிந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 16 வாரக் கதை. எனக்கு 96 கிலோ, ரத்த அழுத்தம் வேறு, ஷிப்டு மாறினால் சாப்பாட்டு நேரமே மாறும். என்னைப் போன்றவர்களுக்கு எப்படி, மூன்று நான்கு வருடம் கழித்து எப்படி என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். 2009 தைப்பூசத்தில் அலகுக் காவடி எடுத்தேன். ஆறு வாரத்தில் கம்பி குத்திய ஒவ்வொரு இடத்திலும் ஒரு படை, புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி. அதற்கப்புறம் பால்குடம்தான், அதுவும் சட்டை போட்டுக்கொண்டு. ஊசி போட்டுத் தோல் தெளிந்தால் மறுபடி காவடி எடுக்கலாமா?

---

பாசிர்ரிஸ்_அக்கா:

தம்பி, எனக்கு 53. தொடக்கப்பள்ளி ஆசிரியை. 2017இலிருந்து ஊசியில் இருக்கிறேன், இப்போது நடப்பது இரண்டாவது மருந்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடாலிமுமாப் என்ற ஊசி. முதல் நாள் இரண்டு பேனா, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்று. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் தொடையில் அழுத்த வேண்டும். ஒரு ‘டக்’, பத்து எண்ணுவதற்குள் இன்னொரு ‘டக்’, முடிந்தது. ஐந்தாவது வாரம் செதில் நின்றது. நான்காவது மாதம் முழங்காலில் ஒன்றுமே இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “கறுப்பு அப்படியேதானே இருக்கு?” என்றார். அன்று ராத்திரி நான் அழுதேன்.

இதை எந்தத் தாளிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். நம் நிறத் தோலில் படை போன பிறகும் அந்த இடம் சாம்பலும் கறுப்புமாகப் பல மாதம் இருக்கும். அது நோய் இல்லை, நோய் இருந்த தடம். மருந்து கேட்கவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பும் சொரசொரப்பும் இல்லையென்றால் மருந்து வேலை செய்திருக்கிறது. எனக்குத் தடம் மங்க ஒன்றரை வருடம் ஆனது.

மூன்றாம் வருடக் கடைசியில் சறுக்கல். பதினான்கு நாளுக்கு ஒரு ஊசி என்றால் பதினோராம் நாளே கணுக்காலுக்கு மேல் அரிக்க ஆரம்பித்தது. பிறகு ஒன்பதாம் நாள். உடம்பு அந்த மருந்துக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்ளும், சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஊருக்குப் போனபோது இரண்டு ஊசி தவறியதும் இதற்கு உதவியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆய்வாளர்களும் பதில் தேடியிருக்கிறார்கள். பிரிட்டனில் ‘பேட்பர்’ என்று ஒரு பதிவேடு, 2007இலிருந்து நடக்கிறது. சாதாரண மருத்துவமனைகளில் ஊசி போட்டுக்கொள்ளும் நோயாளிகளை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள். 2015இல் வந்த கட்டுரையில் 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். முதன்முதலாகத் தொடங்கிய ஊசியிலேயே ஒரு வருடம் கழித்தும் இருந்தவர்கள் 77 சதவீதம். மூன்றாவது வருடத்தில் 53. அதாவது கிட்டத்தட்ட பாதிப்பேர் மாறியோ நிறுத்தியோ விட்டார்கள். பெண்களும் புகைபிடிப்பவர்களும் அதிகம் நிறுத்தினார்கள், மூட்டுவாதமும் சேர்ந்து இருந்தவர்கள் அதிகம் தொடர்ந்தார்கள். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. மூன்றாம் வருடத்தில் விழுந்தது நான் மட்டும் இல்லை.

அவை பழைய மருந்துகள். அடாலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், உஸ்டெகினுமாப். அவற்றில் உஸ்டெகினுமாப்தான் அதிகம் நிலைத்தது. பின்னால் வந்த ஐஎல்-23 ஊசிகளில் (ஐஎல்-23 என்ற அழற்சிப் புரதத்தைத் தடுப்பவை, ரிசான்கிசுமாப் அதில் ஒன்று) நிலைப்பவர்கள் இன்னும் அதிகம். எனக்கு 2021இல் ரிசான்கிசுமாப்புக்கு மாற்றினார்கள். தொடக்கத்தில் ஒன்று, நான்காம் வாரம் ஒன்று, அப்புறம் 12 வாரத்துக்கு ஒரு முறை. பள்ளி விடுமுறையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது, எனக்கு அதுவே பாதி குணம்! இப்போது இடது காதுக்குப் பின்னால் ஒரு இருபது காசு அளவு மட்டும் போகாமல் நிற்கிறது. சோதனைக் கணக்கில் நான் ‘வெற்றி’. அந்த இருபது காசு அரிக்கும் நாளில் மட்டும் அப்படித் தோன்றுவதில்லை.

உங்கள் 96 கிலோ விஷயம். நான் சொன்ன இரண்டு ஊசியிலும் 60 கிலோ ஆளுக்கும் 110 கிலோ ஆளுக்கும் ஒரே அளவுதான். எடை கூடியவர்களுக்குப் பலன் குறைவாக வரக்கூடும். உஸ்டெகினுமாப்பில் 100 கிலோவுக்கு மேல் இரட்டை அளவு. உங்கள் எடை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

காவடி பற்றி டாக்டரிடம் சொல்லாமல் எதையும் செய்யாதீர்கள். தோல் தெளிந்தாலும் அதன் குணம் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. காயம் பட்ட இடத்தில் கிளம்புவது இந்த நோயின் பழக்கம். அதோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போட்டுக்கொண்டு உடம்பில் அத்தனை துளை. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. ஆனால் சட்டையில்லாமல் பால்குடம் எடுப்பீர்கள், அது நடக்கும்.

---

சிராங்கூன்_ராஜா:

அக்கா சொன்னது நல்ல பக்கம். என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் வேலை அனுமதியில் இருப்பவன், கட்டுமானத் துறையில் மேற்பார்வை. ஊசிக்கு முன் எடுத்த ரத்தச் சோதனையில் உறங்கும் காசநோய் இருப்பதாக வந்தது. இருமல் கிடையாது, எக்ஸ்ரே சுத்தம். ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சகஜம்தான் என்றார் நர்ஸ். அடாலிமுமாப் வகை ஊசி அதைத் தட்டி எழுப்பிவிடும் என்பதால் நான்கு மாதம் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில் போனது, முதல் நாள் பயந்தே போனேன். ஒரு மாத மாத்திரை முடிந்ததும் ஊசியைத் தொடங்கினார்கள்.

மூன்றே மாதத்தில் தோல் பளிங்கு. ஏழாவது மாதம் காசு தீர்ந்தது. எங்களுக்கு மானியம் இல்லை, கம்பெனிக் காப்புறுதி இதைத் தொடாது. மாதம் நான்கு இலக்கத்தில் வெள்ளி போனால் வீட்டுக்கு என்ன அனுப்புவது? நிறுத்தி நான்காவது மாதம் படை பழையபடி வந்துவிட்டது. இப்போது மெத்தோட்ரெக்சேட், வாரம் இரண்டு முறை ஒளி சிகிச்சை. பாதி தெளிவோடு ஓடுகிறது. ஊசி கேட்குமா என்றால் கேட்கும். ஆனால் காசு கட்டிக்கொண்டே இருக்க முடிந்தால்தான் அந்தப் பேச்சு.

அண்ணே, நீங்கள் குடிமகன் என்றால் தொடங்கும் முன்பே மருத்துவ சமூக சேவகரைப் பாருங்கள்.

---

பாசிர்ரிஸ்_அக்கா:

ராஜா சொன்னது நூற்றுக்கு நூறு. மருந்து உதவி நிதி என்று ஒன்று இருக்கிறது, வீட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து 75 சதவீதம் வரை கொடுப்பார்கள். ஆனால் எல்லா ஊசிக்கும் இல்லை, எந்த மருந்து எந்த நோய்க்கு என்று பட்டியல் உண்டு. அடாலிமுமாப்பில் விலை குறைந்த பயோசிமிலர் இருக்கிறதா என்று கேளுங்கள். அசலுக்கு இணையானதுதான், பெயரைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். மெடிசேவும் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உண்டு. சொரியாசிஸோடு எனக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால் போன வருடம் 700 வெள்ளி எடுத்தேன். உங்களுக்கும் அதே கணக்குத்தான் வரும். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் 15 சதவீதம் கையிலிருந்து.

---

ஈசூன்_மெக்கானிக்:

அக்கா, ராஜா, இருவருக்கும் பெரிய நன்றி. வியாழக்கிழமை ரத்தச் சோதனை, காசநோய்க்கும் ஹெப்படைட்டிஸ் பி-க்கும். அன்றே சமூக சேவகரையும் பார்க்கிறேன். ‘கேட்குமா’ என்று கேட்கப் போயிருந்தேன். இப்போது ‘நின்றுபோனால் அடுத்தது என்ன, அதற்கு யார் கட்டுவார்’ என்றும் கேட்கப் போகிறேன்.

மனைவிக்கு ஒரே ஒரு சந்தேகம். பேனாவைக் குளிர்பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

---

பாசிர்ரிஸ்_அக்கா:

கதவில் வேண்டாம், திறந்து மூடி சூடு ஏறும். மேலே உறைபனிப் பக்கமும் வேண்டாம், உறைந்தால் தூக்கித்தான் போட வேண்டும். நடுத்தட்டில், பெட்டியோடு. எங்கள் வீட்டில் தோசை மாவுக்குப் பின்னால்.