பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான்: இந்த வரிசை சரிதானா?

கரும்பலகை:
தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி++ என்ற நிரல் மொழியைப் படித்துவிட்டுப் பன்னிரண்டில் பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழிக்கு வருகிறார்கள். சி++ஐத் தூக்கிவிட்டு இரண்டு வருடமும் பைத்தானே நடத்தலாம் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாறி (மதிப்பைப் பிடித்து வைக்கும் பெயர்) என்றால் அதன் வகையை (எண்ணா, எழுத்தா என்பதை) முதலிலேயே சொல்லித் தீர வேண்டும் என்பதை சி++ மண்டையில் ஏற்றிவிடுகிறது. பைத்தானில் இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துத் தொடராகத்தான் கொடுக்கும். 5ஐயும் 6ஐயும் வாங்கிக் கூட்டினால் 56 வரும். வகை பழகிய பிள்ளை உடனே இன்ட் (முழு எண்) போட்டு மாற்றிவிடும். பழகாத பிள்ளை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பாம்பாட்டி:
டீச்சர், 56ஐப் பார்த்து முழிப்பது ஒரே ஒரு வகுப்பு. அதற்காக ஒரு வருடம் செமிகோலன் போட வைக்க வேண்டுமா? முதல் சி++ நிரலில் இன்க்ளூட், நேம்ஸ்பேஸ், மெயின், ரிட்டர்ன் 0 என்று எழுதுகிற எதற்கும் அர்த்தம் சொல்லாமல் "இப்போதைக்கு அப்படியே எழுது" என்கிறோம். பைத்தானில் ஒரு வரி பிரிண்ட், முடிந்தது.

சி++ பழக்கம் காலை வாரவும் செய்கிறது. 7/2 என்றால் சி++ல் 3. பைத்தானில் 3.5. முழு எண் வேண்டுமென்றால் 7//2. சரி, இரட்டைச் சாய்கோடு போட்டால் சி++ மாதிரிதான் என்று முடிவு கட்டினால், -7//2 என்பதற்கு -4 வருகிறது! சி++ல் -7/2 என்றால் -3. அது தசமத்தை வெட்டிவிடும், இது கீழே உள்ள முழு எண்ணுக்கு இறங்கிவிடும். மீதியும் அதே கதைதான்: -7%2 பைத்தானில் 1, சி++ல் -1.

கரும்பலகை:
இரண்டையும் பார்த்ததால்தானே அது மொழிக்கு மொழி மாறும் விதி என்று உங்களுக்கே தெரிகிறது? பைத்தானில் 2**100 (2இன் 100ஆம் அடுக்கு) போடுங்கள். 1267650600228229401496703205376 என்று அலட்டிக்கொள்ளாமல் காட்டும். சி++ இன்ட் 214 கோடிச் சொச்சத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடைசி பெஞ்ச்:
நான் பிளஸ் டூ. சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். (பைத்தான் 3ல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், இது அப்படியே ஓடும்.)

பழையது = [70, 80, 90]
புதியது = பழையது
புதியது[0] = 35

இப்போது பழையது என்று அடித்தால் [35, 80, 90] வருகிறது. நான் அதைத் தொடவே இல்லையே? சி++ல் இரண்டு இன்ட் வைத்து இப்படிச் செய்தால் ஒன்றை மாற்றினாலும் மற்றது அப்படியே இருக்குமே.

பாம்பாட்டி:
பார்த்தீர்களா டீச்சர், சி++ கொடுத்த பழக்கம்! பைத்தானில் சமக்குறி எதையும் நகல் எடுக்காது. லிஸ்ட் ஒன்றுதான், அதற்குப் பெயர் இரண்டு. நகல் வேண்டுமென்றால் புதியது = பழையது[:] என்று கேட்டு வாங்க வேண்டும்.

கரும்பலகை:
பதினொன்றிலேயே செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு) கால் பை ரெஃபரன்ஸ், அதாவது நகல் கொடுக்காமல் மூல மாறியையே கொடுப்பது, நடத்துகிறோம். "இங்கே எல்லாமே அந்த ரகம்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இரவுப்பணி:
போதாது டீச்சர், அந்த ஒரு வரி அடுத்த தப்புக்கு வழிவிடும். சி++ ரெஃபரன்ஸுக்குப் புது மதிப்பு கொடுத்தால் மூலமும் சேர்ந்து மாறும். பைத்தானில் புதியது = [1, 2, 3] என்று எழுதிப் பாருங்கள். பழையது அசையாது. அந்தப் பெயர் வேறொரு லிஸ்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். லிஸ்டுக்குள் கை வைப்பது வேறு, பெயரை இடம் மாற்றுவது வேறு. வேலைக்குச் சேர்ந்து வருகிற பிள்ளைகளும் இந்த இரண்டில்தான் குழம்புகிறார்கள். அதற்காகப் பாம்பாட்டி பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பைத்தானில் மட்டும் படித்து வந்தவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

கரும்பலகை:
அந்த வித்தியாசத்தைக் காட்டுவதற்கே ரெஃபரன்ஸ் என்று ஒன்று தெரிந்திருக்க வேண்டுமே!

பாம்பாட்டி:
வேண்டாம் டீச்சர். ஐடி என்ற செயற்கூறு போதும். இரண்டு பெயருக்கும் ஒரே எண் வந்தால் ஒரே பொருள். புதியதுக்கு வேறு லிஸ்ட் கொடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எண் மாறியிருக்கும். லேபில் இரண்டு நிமிட வேலை.

கடைசி பெஞ்ச்:
அந்த லேப் எங்கே அண்ணா? செய்முறைக்கு 20, எழுத்துத் தேர்வுக்கு 70. எந்த மொழியானாலும் நாங்கள் நோட்டில்தான் ஓட்டுகிறோம். விடைத்தாளில் பக்கம் திருப்பினால் இன்டென்ட் (எந்த வரி எதற்குள் என்று காட்ட வரிக்கு முன்னால் விடும் இடைவெளி) எங்கே விட்டோம் என்பதே மறந்துவிடுகிறது. அடைப்புக்குறி இருந்த சி++ல் அந்த வம்பு இல்லை.

சரி, இன்னொன்று. நான்கு பேருக்கு மூன்று பாட மதிப்பெண் வைக்க

மதிப்பெண் = [[0]*3]*4
மதிப்பெண்[0][0] = 75

என்று எழுதினேன். நான்கு பேருக்கும் 75 விழுகிறது. இதுவும் அதே கதையா?

இரவுப்பணி:
அதே கதைதான். *4 நான்கு வரிசையை உண்டாக்கவில்லை, ஒரே வரிசையை நான்கு முறை காட்டுகிறது. உள்ளே [0]*3ல் மட்டும் பயமில்லை, எண்ணை உள்ளே புகுந்து மாற்ற முடியாது. வெளியே ஃபார் லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒரு [0]*3 செய்து அப்பெண்ட் பண்ணுங்கள் (கடைசியில் சேருங்கள்). [:] போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அது வெளி லிஸ்டை மட்டும்தான் நகலெடுக்கும்.